துறைத் தலைவரின் துணைவிக்கான விதி

அன்புமிக்க துணைவிக்கு,

உன் கணவனும் இப்பொருளியல் துறையின் தலைவனுமாகிய நான் இக்கடிதம் எழுதும் நோக்கம் ஒன்றே: எங்கள் துறை உனக்கு அளிக்க முன்வந்துள்ள பேராசிரியர் பதவியை நீ மறுக்கக் கூடாது. தொலைபேசியில் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே குறுக்கிடுவாய், ஆகவே கடிதம்.

இங்கு இருவரும் நலம். மகள் தேர்வை நன்றாக எழுதியிருக்கிறாள். நீ மேற்பார்வைக்கு வரும் அதிகாரி மாதிரி வந்து வந்து போகிறாய் என்பது அவளுடைய புகார்.

உன் நேர்காணலன்று, விதிப்படி நான் அறைக்கு வெளியே அமர்ந்திருந்தேன். தேர்வுக் குழுவில் இருந்த புள்ளியியல் துறை நண்பர் வெளியே வந்து, "உங்க விதி உங்களையே வராந்தாவுல உக்கார வெச்சிடுச்சே, சார்" என்றார். காப்பீடு மிகவும் தேவைப்படுவோரே அதை ஏன் வாங்குவதில்லை என்ற உன் ஆய்வைப் பற்றி உணவு வேளை தாண்டியும் பேசினார்களாம். முடிவு ஒருமனதானது.

நீயோ, "நான் வந்தா உங்க நாற்காலி போயிடும், வேண்டாம்" என்கிறாய். உண்மைதான். வாழ்க்கைத் துணையின் நேர்காணலில் ஒருவர் அமரலாகாது, துணை பணியாற்றும் துறைக்குத் தலைவராகவும் இருக்கலாகாது என்ற விதியை எழுதியவன் நானே. விதிவிலக்காக ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றார் நண்பர். எழுதியவனுக்கே வளைந்து கொடுத்தால் அது விதியாகாது என்று சொல்லிவிட்டேன்.

எல்லா இடரையும் ஒருவர் தலையிலேயே கட்டும் ஒப்பந்தம் நிலைக்காது என்று வகுப்பில் கற்பிப்பவன் நான். நம் ஒப்பந்தத்தில் வேலைக்காக ஊர் மாறியவளும், விடுமுறைதோறும் ரயிலில் விடைத்தாள் திருத்தியபடி வந்தவளும் நீதான். இம்முறை என் முறை. எனக்கு இழப்பும் பெரிதில்லை; கால அட்டவணைச் சண்டைகள் ஒழிந்தால், பாதியில் நிற்கும் என் புத்தகம் நகரும்.

படிப்பறையில் சன்னலோர மேசை இனி உன்னுடையது. புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு எனக்கு. குனிந்து நிமிர்வது அப்பாவுக்கு நல்லது என்று மகள் தீர்ப்பளித்துவிட்டாள்.

உன் சம்மதம் வந்த பிறகு விலகினால் போதும் என்கிறார் நண்பர். அப்படிக் காத்திருந்தால், என் நாற்காலியின் பாரம் உன் முடிவின் மேல்தான் இருக்கும். எனவே இக்கடிதத்தை அஞ்சலில் சேர்த்த கையோடு புல முதல்வரின் அறைக்குச் சென்று பதவி விலகலைக் கொடுத்துவிடுவேன். இது உன் கைக்கு வரும்போது, மறுப்பதற்கு நீ சொன்ன காரணம் இருக்காது.

வேறு பதவி எதுவும் இல்லாத,
உன் கணவன்