மேடையின் உயரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? எனக்குச் சளி விட்டுவிட்டது.

புது யோசனைகள் பிறக்கட்டும் என்று அலுவலகத்தில் ஓர் அறை வடிவமைத்தேனே, அதில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "என்னம்மா, துக்க வீடு மாதிரி இருக்கே!" என்றார் மேலாளர். பயப்படாதீர்கள், மாற்றிச் செய்ய ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்.

தப்பு இப்போது புரிகிறது. எதிரெதிரே உட்காரவைத்தால் மனத்தில் இருப்பது வாய்க்கு வராது. நீங்கள் பாத்திரம் தேய்க்க, நான் பக்கத்தில் நின்று துடைக்கும்போதுதானே நம் வீட்டில் பேச்சே வரும்? அதனால் நாற்காலிகளை எடுத்துவிட்டு, எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நீளமாக ஒரு மேடை போடப்போகிறேன். நம் சமையல் மேடை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். வடிவமைப்புப் புத்தகத்தில் பொதுவான அளவு இருக்கிறது, இருந்தாலும் எழுதுங்கள்.

இந்த வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும் அங்கே நின்றுதான். நீங்கள் என் பக்கம் திரும்பாமலே, "சரிம்மா, போயிட்டு வா" என்றீர்கள். நான் துணியோடு கையை நீட்டிக்கொண்டே நின்றேன். தேய்த்த தட்டையே மறுபடி மறுபடி தேய்த்தீர்கள். கடைசிவரை என்னிடம் தரவே இல்லை.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். டேப் தையல் பெட்டியில் இருக்கிறது. குனியும்போது முட்டி பத்திரம்.

உங்கள் மகள்