படக்காரரிடம் சொன்ன பொய்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கடல் ஊருக்குள் வந்த வருசம், செத்த பிள்ளையை மடியில் வைத்துச் சீலை விலகியது தெரியாமல் அழுத பெண்ணைப் படமெடுத்துப் பேர் வாங்கியவர் இன்று துறைமுகத்தில் என்னைக் கண்டுபிடித்தார். பிள்ளையைத் தூக்கப்போன நானும் அந்தப் படத்தில் நிற்கிறேன்.

“அந்த அம்மா எங்க ஐயா? மன்னிப்புக் கேக்கோணும்.”

“கமராவை வைச்சிட்டு வாறீங்களோ?”

“ஏலாது ஐயா. கேக்கிறதையும் படமெடுக்கோணும்.”

“அவ செத்துப்போனா,” எண்டு சொல்லிப்போட்டேன்.

மனுசன் கும்பிட்டு அழுதார். மன்னிப்பு வேணுமோ எண்டு அவளை நான் கேட்டேனா? படமெடுக்கலாமோ எண்டு அன்று அவரும் அவளைக் கேட்கவில்லை.

பின்னேரம் அவள் கொடுத்துவிட்ட மீன்சொதிச் சட்டியை இன்னும் திறக்கவில்லை. அந்தப் படத்தில் என்னை விட்டால் உயிரோடு இருப்பது அவள் கமலம் ஒருத்திதான்.