பொத்தோங் கியர்

என் வீட்டுச் சர்க்காருக்கு,

பாரோயில் மகள் வீட்டிலிருந்து டயாலிசிஸுக்குப் போய்வரும் அலைச்சலிலும் என்னைத் திட்ட உனக்கு நேரம் கிடைக்கும் என்று நம்புகிறேன். நம் கிழட்டு நெல்லறுப்பு மெஷின் மறுபடியும் வயலில் படுத்துவிட்டது. கோலா பிலா கடைக்காரர் ஹேமநாதன், "ஒரிஜினல் கியர் இனிமே வராதுலா அண்ணே. செத்த மெஷின்ல வெட்டின பொத்தோங்தான் இருக்கு," என்றார். வாங்கிவந்தேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என் கிட்னி உனக்குப் பொருந்தாதாம்.

"எங்களுக்குப் பத்துப் பொருத்தமும் இருக்குன்னு சோசியர் சொன்னாரே, டாக்டர்," என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "வரிசையில காத்திருக்கணும், அங்கிள்," என்றாள்.

இன்று கியரை மாட்டினேன். ஊர்பேர் தெரியாத மெஷினுடையது, கச்சிதமாகப் பொருந்திவிட்டது. வண்டி கிளம்பியதும் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் அதை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

பொருந்தாவிட்டாலும்,
உன்னுடையவன்