வாலை வெட்டச் சொன்னார்கள்

07.10.97, செவ்வாய்

வானம் மப்பு. மழை இல்லை. வள்ளத்தின் அடிக்கு மூன்றாம் பூச்சு முடிந்தது. கை முழுக்கச் சுறா எண்ணெய் நாற்றம். சவர்க்காரம் இல்லை, சாம்பலால் தேய்த்தும் போகவில்லை. அந்தக் கையால் சோறு தின்ன அருவருப்பு.

சண்டையால் மண்ணெண்ணெய் வராததால் ஊரில் மோட்டர் எல்லாம் உறக்கம். ஐயா துடுப்பு வலித்துத்தான் தொழிலுக்குப் போகிறார். கோயில் பாதர் தந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் பனிநாட்டுக்காரரின் ஒற்றையாள் வள்ளத்தின் படம். கயாக் என்று போட்டிருந்தது. அன்று பிடித்த பைத்தியம்.

சிக்கல் இதுதான். அலை உடையும் இடத்தைத் தாண்ட: குட்டை, நிமிர்ந்த மூக்கு, சட்டென்று திரும்பவேண்டும். களப்பு கடலில் சேரும் களப்புவாய் வரை வலிக்க: நீளம், ஒடுக்கம், நேரான ஓட்டம். ஒன்றுக்கு நல்லது மற்றதற்குக் கேடு. முருக்கங்கட்டையில் செதுக்கிய மாதிரிகளில் ஒன்று சுழன்றது, ஒன்று மூக்கால் மண்ணைக் குத்தியது. கடைசியில் பிடிபட்டது. மூக்கைத் தூக்கி, நடுவயிற்றை உருட்டி, வாலை மட்டும் நீட்டிக் கூராக விடுவது.

துடுப்புக்கு இரண்டு பக்கமும் தட்டை. ஐயா, "ரெண்டு தலை அகப்பை. ஒரு பக்கத்தாலை கறி, மற்றப் பக்கத்தாலை சொதி."

09.10, வியாழன்

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. பெரிய அலை. ஐயா தள்ளி ஏறினார். மூன்றாவது அலை தலைக்கு மேல். மூக்கு ஏறி மறுபக்கம் இறங்கியது. அதன்பிறகு தெற்கே ஒரு புள்ளி. மத்தியானம்தான் திரும்பினார். கரைக்கு வரும்போது பின்னால் வந்த அலை கூர்வாலில் இரண்டாகப் பிரிந்து போனது. வள்ளத்தைப் பிரட்டிக் கவிழ்க்கவில்லை.

"களப்புவாய் வரைக்கும் போட்டு வாறன் பிள்ளை. தோள் நோகேல்லை."

நானும் ஏறிப் பார்க்கட்டோ என்று கேட்டேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெண் ஏறினால் மீன் படாதாம். கீறியவள் நான், பலகை பிடித்தவள் நான், எண்ணெய் பூசியவள் நான். த்தூ.

11.10, சனி

அம்மா: "வள்ளம் நல்லா வந்திட்டுது. இனிப் பேசலாம்."

வள்ளம் ஐயாவுக்கு இல்லையாம். என் சீதனமாம். இவ்வளவு நாளும் என் விலையை நானே செதுக்கியிருக்கிறேன். நாளை பூசை முடிய வருகிறார்கள். ஆள் யாரென்றும் தெரியாது.

12.10, ஞாயிறு

வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் வள்ளத்தை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தா. என்னை ஒரு தரம். பலகையைத் தட்டினா.

"வால் என்ன எலிவால் மாதிரி? மோட்டர் எங்கை பூட்டுறது?"

ஐயா: "எண்ணெய் இல்லையே."

"இண்டைக்கு இல்லை. சமாதானம் வந்தால் வரும்தானே. மகன்ரை மோட்டர் சாக்கிலை சுத்திக் கட்டிலுக்குக் கீழை கிடக்கு."

மாப்பிள்ளை வாய் நிறைய வடை. "ஒரு முழம் வெட்டித் தட்டையாக்கினால் காணும் மாமா."

குசினி வாசலில் நின்று சொன்னேன்: "வெட்டினால் கரைக்கு வரேக்கை பின்னாலை தூக்கிப் பிரட்டும்."

"பிள்ளை நல்லாப் படிச்சிருக்கிறா" என்றா தாய். எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும்.

ஓடாத மோட்டருக்கு மேல் படுத்து உறங்குகிறார்கள். அதற்காக ஓடுகிற வள்ளத்தை வெட்ட வேண்டும். அவர்கள் குடித்த தேத்தண்ணீர்க் கோப்பைகளைச் சாம்பலால் இரண்டு தரம் தேய்த்தேன்.

13.10, திங்கள்

தூறல். ஐயா வாளோடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்த இடத்திலை எண்டு கோடு கீறித் தா பிள்ளை. நான் வெட்டினால் கோணலாப் போடும்."

"வெட்டினால் ஆள் சாவான் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். வெட்டாட்டில் சம்பந்தம் போகுதெல்லோ."

பென்சிலை வாங்கினேன். நட்ட நடுவில், ஆள் இருக்கும் இடத்துக்குக் குறுக்கே, ஒரு கோடு.

"இதிலை வெட்டுங்கோ. ஆளுக்குப் பாதி."

வாளைக் கோட்டில் வைத்தார். மற்றக் கையால் கூர்வாலை ஒருதரம் தடவினார். பிறகு வாளைக் கீழே போட்டு, விரலில் துப்பல் தொட்டுக் கோட்டை அழித்தார்.

"அவையளுக்குச் சொல்லி அனுப்பு" என்றார் அம்மாவிடம். "வள்ளம் நான் தொழிலுக்குக் கொண்டுபோறன்."

அம்மா இன்னும் குசினியில் சட்டிகளைப் போட்டு அடிக்கிறா.