வியாழக்கிழமைப் படகு

மச்சான்,

இன்று காலை என் மணமேல்குடிக் கிடங்கில், அந்தமானிலிருந்து வந்த கொப்பரை மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். தேங்காய் வாசத்துக்கு அடியில் டீசல் வாசம். "மொதலாளி, இது நாறுது. அங்கிட்டு ஒதுக்கிப் போட்டுறவா?" என்று கேட்டார் மூட்டை தூக்குகிறவர். வேறு நாளாக இருந்தால் அனுப்பியவனைப் போனிலேயே உரித்திருப்பேன். இன்று ஒரு கை அள்ளி முகர்ந்துகொண்டு நின்றேன். நம் படகின் அடித்தட்டு வாசம் அது. நீ அதற்குள் இறங்கி ஏறும்போதெல்லாம் உன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னோடு பேச இன்றுதான் உட்கார்ந்தேன். சொல்ல ஒரு சேதியும் இருக்கிறது.

நான் குளத்தூர்க்காரன். கடலை முதன்முதலில் பார்த்தபோதே எனக்கு மீசை முளைத்திருந்தது. நீ கோட்டைப்பட்டினத்தில் நடக்கப் பழகுமுன் நீந்தப் பழகியவன். போர்ட் பிளேரில் நான் மளிகை மொத்த வியாபாரம் தொடங்கியபோது, சின்னத் தீவுகளுக்குச் சரக்கு அனுப்புவது பெரும்பாடாக இருந்தது. அரசாங்கக் கப்பலில் ஆட்கள் ஏறிய பிறகு மிச்சமிருந்தால்தான் மூட்டைக்கு இடம். "அந்த மிச்ச எடத்துக்கு எத்தனை நாளைக்கு மாப்ளே வரிசையில நிப்ப? நாமளே ஒரு படகு ஓட்டுவோம்" என்றாய். பணம் என் பொறுப்பு, கடல் உன் பொறுப்பு, ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டோம்.

முதல் ஓட்டத்துக்கு நாள் குறித்தவன் நான். ஆடிப்பெருக்கு. எங்கள் பக்கத்தில் எதையும் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடையாது. தண்ணீருக்கு ஏங்குகிற ஊரில் பிறந்தவனுக்கு, புதுத் தண்ணீரைக் கும்பிடுகிற நாள் ஆகாத நாளாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்? நீ தலையில் அடித்துக்கொண்டாய். "இங்க இது தென்மேக்குக் காத்து அடிக்கிற மாசம்டா. காவேரி வராது, கடல்தான் எந்திரிச்சு வரும்." நான் கேட்கவில்லை. பூசை போட்டு வெங்காயத்தை ஏற்றினேன். புயல் எச்சரிக்கை வந்து படகு கட்டிய இடத்திலேயே கிடந்தது. காற்று அடங்கி அந்தச் சின்னத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, மூட்டைகள் பசேலென்று முளைவிட்டிருந்தன. தீவுக்காரர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "கொண்டுபோய் நட்டுக்கங்க" என்று நீ அள்ளி அள்ளிக் கொடுத்தாய்.

திரும்பும்போது ஏற்ற எதுவும் இல்லை. நீ கயிற்றை அவிழ்க்க மறுத்துவிட்டாய். "போணி ஆகாம எப்படிடா போறது?" கடையில் முதலில் வருகிறவர் எதையாவது வாங்கித்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பேனே, அந்தப் பழக்கத்தைப் படகுக்குக் கொண்டுவந்துவிட்டாய். துறையில் ஒரு பெண் வாழைத்தாரோடு நின்றார். இராமநாதபுரம் பக்கமிருந்து போய்க் குடியேறியவர்.

"அக்கா, அந்தத் தாரை எனக்குக் குடுங்க."

"இது விக்கிறதுக்கு இல்ல தம்பி, தங்கச்சி வீட்டுக்கு. வெளைய வச்சா மட்டும் வாங்குறதுக்கு இங்க ஆரு வாரா? அதான் வீட்டுக்குப் போதும்னு நிறுத்திக்கிட்டோம்."

"நான் வாரேன். வியாழக்கெழமைக்கு வியாழக்கெழமை வாரேன்."

படகு நகர்ந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஒத்தத் தாரு வாழைக்காய்க்கு இம்புட்டு டீசல எரிக்கிறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தாண்டா!" நீ இளித்தாய். "எரியிறது டீசலா, ஒன் வயிறா?"

சொன்னபடி வியாழக்கிழமை தவறாமல் போனாய். பல வாரங்கள் வெறும் படகு. சில வாரம் ஒரு கூடை எலுமிச்சை. பிறகு வாழைத்தார்கள் துறையில் சாத்தி வைக்கப்பட்டன. அதற்குப் பிறகு பாக்கு, கொப்பரை. எப்போது மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

தீவுகளுக்கிடையே உள்நாட்டுப் படகுத் தொழிலை வளர்க்க அரசாங்கம் கொள்கை வகுக்கிறது, படகுக்காரர்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஒரு கூட்டம் போட்டார்களே, அன்று நீ செய்த காரியம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எல்லாரும் டீசல் சலுகை கேட்டார்கள், கடன் கேட்டார்கள், பெரிய கம்பெனிகளை உள்ளே விடாதீர்கள் என்றார்கள். நானும்தான் கேட்டேன். நீ எழுந்து நின்றாய். "ஐயா, சரக்கு இருந்தாலும் இல்லாட்டியும் இன்ன நாள் போயே ஆகணும்னு எங்களைக் கட்டிப் போடுங்க. அதுல வர்ற நட்டத்துல ஒரு பங்கை நீங்க தாங்குங்க." பக்கத்தில் இருந்தவர்கள் உன்னை முறைத்தார்கள். நான் உன் தொடையைக் கிள்ளினேன். அதிகாரி மட்டும் குறித்துக்கொண்டார்.

வெளியே டீக்கடையில் குதித்தேன். "தன் கழுத்துக்குத் தானே கயிறு கேக்குறவன இன்னைக்குத்தாண்டா பாக்குறேன்."

"ஒங்க ஊருல காலையில பஸ்ஸு வரும்னு தெரிஞ்சாத்தான கத்தரிக்கா மூட்டையோட ரோட்டுக்கு வாராங்க? வந்தாலும் வரும், வராட்டியும் போகும்னா எவன் செடி வைப்பான்? டீயைக் குடி, ஆறுது."

போன மழைக்காலத்தில் ஊருக்கு வந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அவ்வளவுதான். கோட்டைப்பட்டினம் பள்ளிவாசல் மையவாடியில் உன் மேல் மூன்று கைப்பிடி மண் போட்டேன். கடலுக்குப் பொறுப்பு நீ என்று பேச்சு. அன்றிலிருந்து அதுவும் என் தலையில்; இந்தக் கரையில் இருந்துகொண்டு போனிலேயே ஓட்டுகிறேன்.

சேதி இதுதான். திட்டம் வந்துவிட்டது. குறித்த நாளில் தவறாமல் ஓடுகிற படகுக்கு, நஷ்டத்தில் ஒரு பங்கை அரசாங்கம் ஏற்கும். தவறினால் உதவி நின்றுவிடும். கிட்டத்தட்ட நீ கேட்டபடியே. அதே நேரத்தில், பெரிய தீவில் விடுதி கட்டுகிற ஒருவர் நம் படகை முழுசாக வாடகைக்குக் கேட்டார். சிமெண்டு, கம்பி. தினமும் நிறை சரக்கு. உன் பாதி இப்போது உன் வீட்டில் இருப்பவருடையது. என் முடிவு தப்பினால் அவர் அடுப்பிலும் கை வைத்தவன் ஆவேன். அதனால் நேரில் போனேன்.

"அவன் இருந்தா என்னம்மா சொல்லியிருப்பான்?" என்று கேட்டேன்.

"அதை எங்கிட்ட கேக்காதீங்கண்ணே. அவுக இல்ல. நீங்கதான யாவாரி? ஒங்க கணக்குல எது நிக்கிதோ அதைச் செய்யுங்க. அவுகளை நெனச்சுப் பாவம் பாத்து ஓட்டுற படகு எனக்கு வேணாம்."

காப்பியைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். இப்படி வெட்டொன்று துண்டிரண்டாகப் பேச நீ எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று அன்றுதான் தெரிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது வியாபாரியாகவே யோசித்தேன். விடுதி எழும்பி முடிந்த மறுநாள் சிமெண்டு நின்றுவிடும். நம் படகை நம்பி அந்தத் தீவில் வைத்த தென்னைகளில் பாதி இன்னும் பாளைகூட விடவில்லை. அவை காய்க்கத் தொடங்கும்போது துறையில் இன்னொருவன் படகு நின்றால், முட்டாள் நான்தான். விடுதிக்காரரிடம் முடியாது என்றேன். திட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். உனக்காகப் போடவில்லை மச்சான், கணக்குச் சரியாக வந்ததால் போட்டேன். இதைச் சொன்னால் நீ சந்தோஷப்படுவாய் என்று தெரியும்.

போன வியாழக்கிழமை, திட்டப்படி முதல் ஓட்டம். விடியும்போதே படகு ஓட்டும் சாரங்கு போன் பண்ணினான்.

"அண்ணே, ரெண்டே மூட்டை அரிசிதான் ஏறியிருக்கு. நாளைக்கிச் சேத்துப் போயிருவமா?"

நாளைக்குப் போ என்றுதான் வாய் திறந்தேன். வியாபாரி வாய், அப்படித்தான் திறக்கும். சுவரில் தொங்கிய காலண்டரில் கண் போனது. "அண்ணே, லைன்ல இருக்கீங்களா?" என்றான்.

"கெளம்பு" என்றேன்.

கிளம்பினானா என்று மனசு அடங்கவில்லை. குளித்துவிட்டு வந்து மறுபடி கூப்பிட்டேன்.

"எங்கடா இருக்க?"

"கடல்லண்ணே."

இன்றும் வியாழக்கிழமை. இன்றும் "எங்கடா இருக்க?" என்று கேட்டுவிட்டேன்.