காய்கள் மூச்சு விடும் அறை

ஜூன் 4
வீட்டுக்காரருக்கு இன்றும் தலைவலி. செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாழைக்காய் பழுக்க வைக்கும் கிடங்கில் அப்படி என்ன மலையைப் புரட்டுகிற வேலை? நான் சரியாக ஆக்கிப் போடவில்லை என்பது மாமியாரின் கண்டுபிடிப்பு. எனக்கு, இதயமோ என்று பயம்.

ஜூன் 7
டாக்டர் பார்த்துவிட்டார், இதயத்தில் கோளாறு இல்லையாம். அப்படியானால் வேறு என்ன? விடுமுறை நாளில் மட்டும் ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்.

ஜூன் 8
பழுக்க வைக்கும் அறையில் காற்றை வெளியே தள்ளும் காற்றாடி கெட்டு இரண்டு வாரமாகிறதாம். எத்திலீன் வாயு வெளியே போகாவிட்டால் சீக்கிரம் பழுக்கும், நல்லதுதான் என்று முதலாளி கதவிடுக்கில் சாக்கைத் திணிக்கச் சொன்னாராம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜூன் 11
ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினோராம் வகுப்பு, தாவர ஹார்மோன்கள். வருடா வருடம் நான் எடுக்கிற பாடம்தான். எத்திலீன் பட்டால் காயின் சுவாசம் பல மடங்கு கூடும், ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடும் என்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அறை முழுக்கக் காய். கதவிடுக்கில் சாக்கு. உள்ளே அவர். அடிப்பாவி, இதைச் சொல்லிக்கொடுத்துத்தானே சம்பளம் வாங்குகிறாய்?

போன் அடித்தேன். எடுக்கவில்லை. கிடைத்த வண்டியில் ஏறிப் போனேன். அங்கேயே லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற கொழுந்தனும் நானும் கதவைத் திறந்தோம். பெட்டி வரிசைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். கொழுந்தன் பாய்ந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க அண்ணி. அண்ணன் கிடக்கறான்."

"போகாத. உள்ள காத்து இல்ல. நீயும் விழுந்துடுவ."

சட்டை கிழிந்தது. நான் விடவில்லை. வாசலில் நின்றபடியே, பெட்டி இழுக்கிற நீளக் கொக்கியை நீட்டினோம். இரண்டு முறை நழுவி, பெல்ட்டில் மாட்டியது. இழுத்து வெளியே போட்டோம். உதடெல்லாம் நீலம். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை — அப்புறம் இருமினார்.

ஜூன் 12
ஆஸ்பத்திரி. கண் விழித்தார். என்னைத் தெரிகிறது.

ஜூன் 14
கொழுந்தன் என்னோடு பேசுவதில்லை. புருஷன் உள்ளே கிடக்க அண்ணி கல்லு மாதிரி நின்றாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கல்லா நானு? உள்ள ஓடணும்னு என் கால் துடிச்சது எனக்குத்தானே தெரியும். யார்கிட்ட போய்ச் சொல்றது?

ஜூன் 19
வீட்டுக்கு வந்துவிட்டார். கிடங்கைப் பூட்டிவிட்டார்களாம். மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே அவர் என்னைக் கேட்டார்.

"நிஜமாவே அவனைப் பிடிச்சு நிறுத்தினியா?"

ஆமாம் என்றேன்.

"நல்ல வேலை செஞ்ச. அவனும் உள்ள வந்திருந்தா அம்மாவுக்குப் பிள்ளையே இல்ல."

மாமியார் எழுந்து சமையலறைக்குள் போனார். திரும்பி வந்து, என் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தார்.

கொக்கி எட்டாத இடத்தில் அவர் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யாரும் கேட்கவில்லை. அப்போதும் அந்தச் சட்டையை விட்டிருக்க மாட்டேன். இப்போது அதுதான் பயமாக இருக்கிறது.