சந்தனம் வெச்ச சுவிட்ச்

விஜயதசமி, இரவு

பெங்களூர்ல ஒவ்வொரு பார்ட்டா வாங்கி நானே அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர். முந்தாநாள்கூட நல்லா ஓடுச்சு. இன்னிக்குக் காலைல ஆன்லைன்ல டிசைன் வகுப்பு, முதல் நாள். பட்டனை அழுத்துனா ஒரு லைட்டுகூட எரியல.

ரேமைக் கழட்டி மாட்டினேன். ஒயரையெல்லாம் பிடுங்கிச் சொருகினேன். வகுப்பு போயே போச்சு. அண்ணன் கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு, "கம்பெனில ஸ்குரூ முடுக்கறவ கம்ப்யூட்டர் செஞ்சா இப்படித்தாம்மா"ன்னு அம்மாகிட்ட சொல்லிச் சிரிச்சான்.

சாயங்காலம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாடி, கரண்டு ஒயர் சொருகற இடத்துக்குப் பக்கத்துல இருக்கற சின்ன சுவிட்ச் ஆஃப்ல கிடந்துச்சு. அது மேல காய்ஞ்ச சந்தனம், நடுவுல குங்குமம். நேத்து ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும் பொட்டு வெச்சது அவன்தான். பொட்டை அழுத்தி வெச்சதுல சுவிட்ச் அணைஞ்சிருக்கு. சுவிட்சைப் போட்டேன், ஓடுச்சு. உடனே அணைச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல.

நாளைக்கு அவனுக்கு ஓசூர் கம்பெனில காலைல ஆறு மணி ஷிப்ட். அவன் பைக் ஹேண்டில்ல ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கு, அதை அணைச்சா வண்டி ஸ்டார்ட் ஆகாது. அணைச்சுட்டு வந்துட்டேன். உதைக்கட்டும். வேர்த்து ஊத்த ஊத்த உதைக்கட்டும்.

அது மேல பொட்டும் வெச்சிருக்கேன். சந்தனம், நடுவுல குங்குமம்.